இந்தா கிளம்பிரும்

நொச்சியூரணி
12.10.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் பூமயில் எழுதுவது. நான் நலம். அய்யா நலம். இந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தர் இருக்கிறாரே, அவருக்குத்தான் வழக்கம்போல் உடம்பு சரியில்லை.

தாத்தா காரியம் முடிந்து, நீ மட்டும் மாரியூரில் தங்கிவிட, நாங்கள் ரெண்டு பேரும் வந்து சேர்ந்தோம் அல்லவா. அன்றைக்கு அந்த ரெண்டு சீட்டு இங்கிலீஷ் காரைக் கொட்டகையில் விட்ட அய்யா மறுநாளே பானெட்டைத் திறந்துவிட்டார். இன்னும் மூடவில்லை. உள்ளே தலையை விட்டபடியே காப்பி குடிக்கிறார். நான் டம்ளரை நீட்டினால் கை மட்டும் வெளியே வருகிறது.

சுதந்திரம் வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு, நம் வீட்டில் மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் ஆட்சிதான். சோக்கை இழுத்தால் சோகம் வருகிறது. நின்ற இடத்திலெல்லாம் ஆயில் ஒழுக்கிக் கோலம் போடுகிறது, மார்கழிக்கு எனக்கு வேலை மிச்சம். போன வாரம் உச்சிப்புளியில் பெரியபட்டினம் வாவு முகம்மது பாயைப் பார்த்தேன். "கொழும்புல கடை வச்சு சம்பாரிச்ச தலைவலிம்மா அது. தனுஷ்கோடிய கடல் கொண்டு போறதுக்கு முந்தி கப்பல்ல எறக்குனேன். இப்ப ஒங்க அய்யா தலையில எறக்கிட்டேன்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

பானெட் மேல் படிந்த தூசியில் விரலால் 'எடைக்குப் போடப்படும்' என்று எழுதிவைத்தேன். பழைய இரும்புக்காரர் தராசோடு வந்து நின்றார். அய்யா அவரை ஊரணிக் கரை வரை விரட்டிவிட்டு வந்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் 'எடைக்கு' என்பதை மட்டும் துடைத்துவிட்டுப் போனார். 'போடப்படும்' இன்னும் அப்படியே இருக்கிறது.

அம்மா, விஷயத்துக்கு வாரேன். நீ எப்போது வருவாய் என்று கேட்டேன். "நான் போய்க் கூப்புடாம அவ எப்படி வருவா" என்றார். அப்படியென்றால் போய்க் கூப்பிடுங்கள் என்றேன். "நின்னு போன வண்டியோடதான அன்னைக்கு அந்தத் தெருவுல போய் நின்னேன். ஓடுற வண்டியோட போய்த்தான் ஒங்க அம்மாவக் கூப்புடுவேன்" என்கிறார். எப்போது ஓடும் என்று கேட்டால், "இந்தா கிளம்பிரும்."

சோறு குழைகிறது. ரசம் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் மயிலு


மாரியூர்
21.10.1979

செல்ல மகள் மயிலுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. உன் கடிதத்தை மாமா இருளாண்டி வாசித்துக் காட்டச் சொன்னான். வாசித்தேன். இரும்புக்காரர் வந்த இடத்தில் அவனும் முருகேஸ்வரி அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அய்யாவைப் பற்றி நீ எழுதியிருந்ததை வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

அரிசியைக் களைந்து கொஞ்ச நேரம் ஊற வை, தண்ணீரைக் குறைத்து ஊற்று, சோறு குழையாது. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. ராமநாதபுரம் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நில், உன் சேட்டையெல்லாம் படிக்கட்டில் வேண்டாம். பிளஸ் டூ என்று புதிதாகக் கொண்டுவந்திருக்கும் படிப்பில் முதல் செட்டே நீங்கள்தான் என்கிறார்கள். பார்த்துப் படி.

உங்க அய்யாவிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் வரச் சொல். ராமநாதபுரத்தில் ஏறினால் சாயல்குடி, அங்கிருந்து இங்கே. வெறுங்கையோடு வந்தாலும் சரி. வாசலில் நின்று 'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டின சேலையோடு கிளம்பிவிடுவேன். கூப்பிட ஆள் வராமல் நானாக வந்தால் ஊர் என்ன பேசும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

அம்மா,
சண்முகவள்ளி


நொச்சியூரணி
18.11.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

பஸ் சேதியைச் சொன்னேன். "ம்" என்றார். அது பிளக்கைத் துடைக்கும்போது சொன்ன 'ம்' என்பதால் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ் டீச்சர் வகுப்பில் கார் என்றால் மேகம் என்றார். நான் எழுந்து, எங்கள் வீட்டில் இருப்பது பெய்யாது டீச்சர், ஒழுகும் மட்டும்தான் என்றேன். பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்.

இப்போது எழுதப்போவதற்கு நீ என்னை அடிக்க வரலாம். நேற்றுச் சாயங்காலம் வண்டி ஓடியது. அய்யா என்னைக் கூப்பிட்டு இடப்பக்கம் உட்காரச் சொன்னார். உன் சீட்டு. கூரைத் துணியைப் போன மாசமே ஆடு தின்றுவிட்டதால் தலைக்கு மேல் வானம்தான். மண்டபம் ரோட்டில் திருப்பினார்.

அம்மா, அதில் உட்கார்ந்தால் ரோடு நம் இடுப்பு உயரத்தில் ஓடுகிறது. கையை வெளியே தொங்கவிட்டால் தார் சுடுகிறது. வெள்ளாடுகள் என் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்த்தன. ரெண்டு பக்கமும் பனைமரங்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. கடல் காற்று வாய்க்குள் புகுந்து பேசவிடவில்லை, எனக்கே பேச முடியவில்லை என்றால் பார்த்துக்கொள். புதுமடத்திலிருந்து கூடையோடு வந்த மீன்காரப் பொம்பளைகள், "ஏலே ராக்கப்பா, தொட்டில்ல படுத்துக்கிட்டா போற" என்று கேலி செய்தார்கள். அய்யா ஹாரனை அடித்துச் சிரித்தார். அவர் சிரிப்பதை நீ எப்போது கடைசியாகப் பார்த்தாய்? எனக்கு ஞாபகம் இல்லை. பல்லெல்லாம் தெரிந்தது. தண்ணீர் வராத கிணறு, காய்ந்த நெல் என்ற கவலை எதுவுமே இல்லாத ஒரு ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உச்சிப்புளி ரயில்வே கேட்டில் நின்றுபோனது. நானும் அய்யாவும் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். தள்ளும்போதும் அவர் சிரிப்பு குறையவில்லை. எனக்குத்தான் அங்கே ஏதோ இடித்தது.

ஆனாலும் ஓடுச்சு அம்மா. இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு வந்துவிடுவார். நீங்கள் ரெண்டு பேரும் வர, இங்கே நான் சமைத்துக் காத்திருக்க வேண்டும். எனக்கும் இடம் உண்டாம், டிக்கியில். அந்த டிக்கிக்கு வெளியே கதவே கிடையாது, சீட்டை மடக்கி எலி மாதிரி உள்ளே நுழையணும். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மயிலு


மாரியூர்
28.11.1979

செல்ல மகளுக்கு,

உன் அய்யா சிரித்தார் என்று எழுதியதைப் பலமுறை வாசித்தேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் சிரிப்பார்.

ஞாயிறு வாசல் தெளித்து வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறும் வைப்பேன்.

அம்மா


நொச்சியூரணி
20.12.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

அடி வாங்குவதற்கான காரியம் ஒன்று செய்துவிட்டேன். அய்யா அடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, உனக்குப் பூவும் மாமா வீட்டுக்குச் சேவும் வாங்கி வந்து சீட்டில் வைத்துவிட்டார். வண்டியில்தான். வண்டி பாதி வழியில் நிற்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். முற்றத்திலேயே கிளம்பாவிட்டால், சட்டையும் போட்டாச்சு, பூவும் வாங்கியாச்சு, மனுஷன் பஸ்ஸைப் பிடித்துத்தானே ஆகணும்? அப்படி ஒரு கணக்குப் போட்டேன். சைலன்சர் குழாயில் நல்ல முற்றின கத்தரிக்காயாகப் பார்த்துத் திணித்துவிட்டேன்.

கிளம்பவில்லை. பஸ் வரும் நேரம்கூட எனக்கு மனப்பாடம். அய்யா, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு என்றேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பானெட்டைத் திறந்தார்.

மத்தியானம் டிராக்டர் மெக்கானிக் முஹைதீன் அண்ணன் வந்தார். அவர் ஸ்பேனரில் ஒன்று பெருசு, அடுத்தது சிறுசு, வெள்ளைக்காரன் நட்டுக்கு எதுவும் பொருந்தவில்லை. துணியைச் சுற்றிச் சுற்றித் திருகினார்கள். சாயங்காலம் முற்றம் முழுக்க எஞ்சின் பாய் விரித்துப் படுத்திருந்தது. கடைசியில்தான் முஹைதீன் அண்ணன் குழாயைப் பார்த்தார். "அண்ணே, வெள்ளைக்காரன் கொழம்புக்குக் கத்தரிக்காயும் வச்சு அனுப்பிருக்கான்" என்றார்.

அய்யா என்னைப் பார்த்தார். நான் ஓடுவதற்குத் தயாராக நின்றேன்.

"நல்லதாப் போச்சு. எப்படியும் கழட்டணும்னுதான் இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு மெதுவாக ஏதோ பாட்டு முனங்கிக்கொண்டே போல்ட்டுகளைத் தேங்காய்ச் சிரட்டையில் போட ஆரம்பித்தார்.

திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன் அம்மா. பூவை நான்தான் எடுத்துச் சாமிக்குப் போட்டேன். எனக்கு ஒரு பயம் வருகிறது. அய்யாவுக்கு வண்டி ஓடுவது பிடிக்கும். நின்றுபோவது அதைவிடப் பிடிக்குமோ? நின்றால்தானே கையில் வேலை இருக்கும், எங்கேயும் போய் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். இதை எழுதக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

மயிலு


மாரியூர்
2.1.1980

மயிலுக்கு,

கத்தரிக்காய் விவகாரத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

நான் ஏன் இங்கேயே தங்கினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். முழுக்கத் தெரியாது. தாத்தாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்த அன்றைக்கு நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய், மறுநாள்தான் வந்து சேர்ந்தாய். நான் பஸ்ஸில் போவோம் என்றுதான் சொன்னேன். உங்க அய்யா வண்டியை எடுத்தார். ஏர்வாடிக்கு ரோடு பிரியும் விலக்கில் நின்றுபோனது. நான் பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சாயல்குடி பஸ்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போயின. கை காட்டினால் நிறுத்தியிருப்பார்கள். அவர் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தலையைத் தூக்கி, "இந்தா கிளம்பிரும்" என்றார். புருஷனை நடுரோட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினால் அவரை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன். நாங்கள் வந்து சேரும்போது தாத்தாவை எடுத்துப் போய்விட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. சாம்பலைத்தான் பார்த்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இப்போது கோபம் இல்லை, காத்திருப்புத்தான். தம்பி வீடுதான், இருந்தாலும் எத்தனை நாள்? முருகேஸ்வரி ஒன்றும் சொல்வதில்லை. உலைக்கு அரிசி போடும்போது படியை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

தை முடிவதற்குள் வரச் சொல். பஸ்ஸில் வரச் சொல்.

அம்மா


நொச்சியூரணி
27.1.1980

அன்புள்ள அம்மாவுக்கு,

நாளைக் காலை கிளம்புகிறார். இந்தத் தடவை நான் கத்தரிக்காய்ப் பக்கமே போகவில்லை, குழம்பில்கூடப் போடவில்லை.

உன் கடிதத்தை அய்யாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்குத் திட்டிக்கொள். வாசித்துவிட்டுக் கொட்டகைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. பானெட் மூடியே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் இருபது நாளாக அவரும் முஹைதீன் அண்ணனும் சேர்ந்து அதைப் பிரித்துப் பூட்டிவிட்டார்கள். தினமும் பெரியபட்டினம் வரை ஓட்டிப் பார்க்கிறார், போய்விட்டுத் திரும்பியும் வருகிறது. பச்சைப் பெயின்ட் அடித்தாச்சு. கொஞ்சம் கன்னத்திலும் அடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் போங்கள் என்று இன்றைக்கும் சொன்னேன். "ஒங்க அம்மா அந்தப் பனைமரத்த மறக்கணும்னா, இதே வண்டில அதத் தாண்டிக் கூட்டிட்டு வரணும்" என்றார். அவர் சொன்னதும் ஒரு மாதிரி சரிதானோ என்று தோன்றிவிட்டது.

வரும்போது தலையில் துணி கட்டிக்கொள். காற்று சடையைப் பிய்த்துவிடும். நான் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைக்கிறேன், இப்போது சோறு குழைவதில்லை. கீழே இருப்பது அய்யா கையெழுத்து.

மயிலு

சம்முவத்துக்கு. கார்புரேட்டர் சுத்தமாயிருச்சு. பிளக் நாலும் புதுசு. நாளைக்கு வாரேன். ராக்கப்பன்.


மாரியூர்
3.2.1980

மயிலுக்கு,

நீ குழம்பு வைத்துக் காத்திருந்திருப்பாய். நடந்ததை உங்க அய்யா எப்படிச் சொல்வாரோ தெரியாது. நான் சொல்கிறேன்.

வண்டி வந்தது. நிற்காமல் வந்தது. சத்தம் கேட்டுத் தெருப் பிள்ளைகளெல்லாம் ஓடினார்கள். வெள்ளைச் சட்டையோடு இறங்கி, நாலு பேர் பார்க்க வாசலில் நின்று "வா, போவோம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருளாண்டி கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். முருகேஸ்வரி இலை போட்டாள். நான் பையைக் கட்டிக்கொண்டேன்.

சாப்பிட்டு வந்து சாவியைத் திருகினால் சத்தம் வரவில்லை. பேட்டரி படுத்துவிட்டது என்றார். பிள்ளைகள் தள்ளினார்கள். நம் தெரு வெறும் மணல், சக்கரம் புதைந்துகொண்டது. உங்க அய்யா மணலை வெட்டிவிட மண்வெட்டி வாங்கப் பின்பக்கம் போனார். அந்த நேரத்தில் இருளாண்டி டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வந்து வயரைக் கொடுத்துவிட்டான். ஒத்தாசைக்குத்தான் செய்தான், வேறு எண்ணம் இல்லை. ஊரில் எல்லா வண்டிக்கும் பேட்டரி மைனஸை வண்டி இரும்பில் கொடுப்பார்கள், அவனும் அப்படித்தான் கொடுத்தான். அந்த வெள்ளைக்கார வண்டிக்கு மட்டும் பிளஸ்தான் இரும்பில் கொடுக்கணுமாம். குபீரென்று புகை. உள்ளே வயரெல்லாம் உருகி வழிந்தது.

உங்க அய்யா ஓடி வந்தார். "ஏலே, தொட்ட கைய ஒடிச்சுருவேன்டா" என்றார். சாப்பிட்ட கை காயவில்லை, அந்த வீட்டு ஆளைப் பார்த்துத் தெரு கேட்கச் சொன்னார். இருளாண்டி தலையைக் குனிந்து நின்றான். அப்புறமும் அவன்தான் பேசினான்: "மச்சான், வண்டி இங்கன கெடக்கட்டும், நான் பாத்துக்கிறேன். பஸ்ஸு வர்ற நேரம். அக்காவக் கூட்டிட்டுக் கெளம்புங்க."

உங்க அய்யா பானெட்டுக்குள் குனிந்திருந்தார். நான் பையோடு பக்கத்தில் போய், வாங்க, பஸ்ஸில் போவோம் என்றேன். அவர் திரும்பவில்லை.

"நீ முன்னால போ. நான் வண்டியோட வாரேன்" என்றார்.

ஏர்வாடி விலக்கில் அவரை விட்டுவிட்டு நான் பஸ் ஏறவில்லை மயிலு. அதனால் என்னைப் பெத்த அய்யா முகத்தை நான் பார்க்கவில்லை. கூட்டிப்போக வந்த மனுஷன், இப்போது என்னைத் தனியாக ஏறிப் போகச் சொல்கிறார். தெரு முக்கில் பஸ் ஹாரன் அடித்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பையோடு நின்றேன். அவர் நிமிர்வார் என்று நின்றேன். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் உள்ளே போய்ப் பையை வைத்துவிட்டேன்.

பொழுது சாய அவர் வாசலில் வந்து கூப்பிட்டார். ஓடி வந்தேன். "பழைய துணி ஏதும் இருந்தா குடு" என்றார். கொடுத்தேன்.

அம்மா


நொச்சியூரணி
12.2.1980

அன்புள்ள அம்மாவுக்கு,

அய்யா வந்து சேர்ந்தார். வாலிநோக்கத்து உப்பு லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வழி முழுக்க அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தே வந்தாராம். தலை, மீசை எல்லாம் புழுதி. நான் வாசலுக்கு ஓடி, அம்மா எங்கே என்று கேட்டேன்.

"வயரெல்லாம் மாத்தணும்" என்றார்.

உன் கடிதம் வரும்வரை எனக்கு நடந்தது தெரியாது. குழம்பை மறுநாள் மாட்டுக்கு ஊற்றினேன். கடிதத்தை வாசித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். கல்லை எடுத்து அந்தக் கண்ணாடியை உடைக்கத்தான் போனேன், மெய்யாகவே. அய்யா வண்டியின் இடப்பக்கச் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் மேல் உன் துண்டு ஒன்றை விரித்து, பறக்காமல் இருக்க ஓரங்களைச் செருகினார். "இது சுடும். ஒங்க அம்மாவுக்குச் சூடு ஆகாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை அம்மா. யாரையும் ஏமாற்றவில்லை. நிஜமாகவே நம்புகிறார். கல்லைக் கீழே போட்டுவிட்டேன்.

மாமாவைப் பேசியது தப்பு என்று சொன்னேன். ஆமா என்று தலையை ஆட்டினார். நீங்கள் அம்மாவைத் தனியாகப் போகச் சொன்னது தப்பு என்றேன். அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றுமே இல்லை. எந்தத் தப்பைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ் போய்விடக் கூடாதே, நீயாவது நேரத்தோடு வீட்டுக்கு வந்து சேரட்டும் என்றுதான் சொன்னாராம். "மாசி கழியட்டும்னு அம்மாவுக்கு எழுது. வயரிங் முடிஞ்சா, இந்தா கிளம்பிரும்" என்றார்.

எழுதிவிட்டேன் பார். அவர் சொன்னது அவ்வளவுதான். இனி நான் சொல்வது.

உன்னை வரச் சொல்லி இனிமேல் எழுதமாட்டேன். நாலு மாசமாக வேடிக்கை வேடிக்கையாய் எழுதி உன்னை வாசல் தெளிக்க வைத்தது நான்தான். நீ சிரித்தால் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அய்யாவுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும், பரீட்சை முடியும்வரை நான் இருக்கிறேன். முடிந்ததும் அங்கே வாரேன். என்னைக் கூப்பிட யாரும் வரவேண்டியதில்லை. அப்புறம் அவருக்கு யார் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அத்தை உலைக்குப் படி அளக்கும்போது நீ அடுப்படியில் நிற்காதே. நீயே போய் அளந்து போடு.

பையை உள்ளே வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். கட்டியது கட்டியபடியே இருக்கும், எனக்குத் தெரியும். அவிழ்த்துவிடு அம்மா. சேலைகளை உதறி மடித்துப் பெட்டியில் அடுக்கி வை.

பூமயில்